ஒரு சால் நிலம்

ஹாப்காவுக்கும் ப்ரீஸ்காவுக்கும் இருந்த வழக்கு ஒரே ஒரு சால் நிலத்தைப் பற்றியது. லொசிவ்கா கிராமத்தில் இருவருடைய உருளைக்கிழங்குத் தோட்டங்களும் ஒட்டிக் கிடந்தன. நடுவில் ஓடிய ஏர்ச்சால் யாருடையது என்று, இருவரும் அந்த ஊருக்கு வாழ வந்த வருஷம் தொடங்கிய சண்டை நரை விழுந்தும் ஓயவில்லை. ஒருத்தியின் வாத்து அந்தச் சாலில் நடந்தால் மற்றவள் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பாள். தெருவே கைவேலையைப் போட்டுவிட்டுக் கேட்கும்.

அணு உலை வெடித்த வசந்தத்தில் ஊரையே ஏற்றிக்கொண்டு போக பஸ்கள் வந்தன. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். விதைக்கிழங்கு பாதி நட்டபடி கிடந்தது. பஸ்ஸிலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ப்ரீஸ்கா தூங்கிச் சாய்ந்தது ஹாப்காவின் தோளில்தான். ஹாப்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இலையுதிர் காலத்தில், கண்ணுக்கெட்டிய வரை ஒரு மரமில்லாத வெட்டவெளியில், அச்சில் வார்த்தது போன்ற புது வீடுகளைக் கொடுத்தார்கள். ஹாப்காவுக்கு முதல் தெரு. புருஷனை இழந்த ப்ரீஸ்காவுக்குக் கடைசித் தெரு. ஹாப்காவின் இடப்பக்கம் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கின் குடும்பம். பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொன்னார்கள். கோழி அவர்கள் வாசலுக்குப் போனால் பத்திரமாகத் தூக்கிவந்து கொடுத்தார்கள்.

"என்ன மனுஷங்கய்யா இவங்க!" என்று புருஷன் ஒமெல்கோவிடம் பொருமினாள். "கோழி மேல ஒரு கல்லாவது எறிய வேணாமா?"

வலப்பக்க வீடு காலி. திங்கட்கிழமை அதை யாருக்கோ கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை ப்ரீஸ்காவுக்குக் கொடுங்கள் என்று குடியேற்ற அலுவலகத்தில் போய் நின்றாள். "அந்தம்மா வந்து கேட்டா மாத்தித் தர்றேன்" என்றார் அதிகாரி.

ஹாப்கா கடைசித் தெருவுக்குப் போனபோது ப்ரீஸ்கா பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னடி, வழி தவறிட்டியா?"

"எங்க பக்கத்து வீடு காலியா இருக்கு. வந்துடு."

"எதுக்கு? உன் வாயில விழுந்து எந்திரிக்கவா? நான் இங்க நிம்மதியா இருக்கேன்."

"நிம்மதியாம்! மூஞ்சியப் பாரு, உப்புல ஊறுன வெள்ளரிக்கா மாதிரி."

ப்ரீஸ்கா சிரிக்கவில்லை. "அந்தச் சால் என்னுதுன்னு ஒத்துக்க. வர்றேன்."

ஹாப்காவின் மாமனார்கூடச் சாகக் கிடந்தபோது அவளிடம் "விட்றாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஹாப்கா தரையைப் பார்த்தாள். பிறகு, "சரிடி. உன்னுதுதான். வச்சுக்க" என்றாள்.

ஜெயித்தவளின் முகம் வெளுத்தது. கத்தி பாதியில் நின்றது.

"அப்போ, இனிமே ஊருக்குத் திரும்பப் போறதில்லைன்னு முடிவே பண்ணிட்டியா?"

இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அது. தான் சொன்னது இதைத்தானா என்று ஹாப்காவுக்கே தெரியவில்லை.

ப்ரீஸ்கா சொன்னபடி வந்தாள். ஆனால் சத்தமே இல்லை. ஹாப்கா வேண்டுமென்றே சாக்கடைத் தண்ணீரை அவள் பக்கம் ஊற்றிப் பார்த்தாள். "பரவாயில்ல" என்றாள் ப்ரீஸ்கா. கேட்டது கிடைத்தது, எதற்காகக் கேட்டோமோ அதைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டோமோ என்று ஹாப்கா தினமும் குமைந்தாள்.

மண் பனியில் இறுகுவதற்கு முன் ஒமெல்கோ இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலிக்கு முளை அடிக்க வந்தான். எங்கே அடிக்கட்டும் என்று கேட்டான்.

"எங்க வேணும்னாலும் அடிங்க. இது யார் மண்ணோ!" என்றாள் ப்ரீஸ்கா.

ஹாப்காவுக்குப் பொறுக்கவில்லை.

"யார் மண்ணா? நீ நிக்கிற இடம் என்னுதுடி! தள்ளி நில்லு!"

ஒமெல்கோ சுத்தியலைத் தாழ்த்தினான். ப்ரீஸ்கா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள். அடியில் கரிய, வழவழப்பான, இன்னும் பழகாத மண். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஹாப்காவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

"தள்ளலைன்னா என்னடி பண்ணுவே?"