கீழே வந்து கொடுக்க வேண்டிய காசு

பொதுப்பணத்தில் லிஃப்ட் வைத்துக் கொடுத்தும் நாலாவது மாடியிலிருந்து ஒரு மனிதர் இறங்க மாட்டேன் என்கிறார். இது வதந்தியின் முதல் பதிப்பு. இறங்குவதற்கு, லிஃப்ட் வைத்த நிதியத்திடமே கூலி கேட்கிறார் என்பது இரண்டாவது. டீக்கடையில் மூன்றாம் பதிப்பும் கிடைத்தது: கால் நன்றாகத்தான் இருக்கிறதாம், இத்தனை வருஷமும் நடித்தாராம். எதற்கு நடித்தார் என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க டீ ஆத்திட்டு இருக்கேன்?" என்றார் கடைக்காரர்.

தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். வாராவாரம் எழுதுகிறவனுக்குத் தீர விசாரிக்க நேரம் ஏது? கொஞ்சமாவது விசாரிப்போம் என்று கிளம்பினேன்.

அது மூடிப்போன ஓர் ஆலையின் தொழிலாளர்களுக்காக எப்போதோ கட்டிய நாலு மாடி வரிசை. மழை வந்தால் உள்ளே இருப்பதைவிடத் தெருவில் நிற்பது மேல் என்ற நிலைக்கு வந்திருந்தது. இடித்துவிட்டு வானளாவ ஏதாவது கட்டலாமா என்று பெரிய மனிதர்கள் பலர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில், இடிக்க வேண்டாம், புதுப்பிப்போம் என்று முன்வந்தது பொது முதலீட்டு நிதியம். ஊரில் உழைக்கிறவர்கள் மாதாமாதம் முதுமைக்கென்று போட்டுவைக்கும் பணம் அது. சும்மா தூங்காமல் நகரத்தைச் சீர்படுத்தட்டும். சீர்பட்ட இடத்தின் வாடகை வழியாக மெல்லத் திரும்பி வரட்டும். வந்தது அடுத்த தெருவுக்குப் போகட்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். இப்படிச் சொன்னால் எனக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்பார்கள். கிடைத்தது ஒரு லிஃப்ட் சவாரி.

சுவரில் வெயில் தாங்கும் பூச்சு. ஜன்னல்களுக்கு மேல் நிழல் தட்டுகள். மொட்டைமாடியில் சூரியத் தகடுகள், தரைக்கடியில் மழைநீர்த் தொட்டி. கீழே வரிசையாகக் கடைகள், அதில் ஒன்று மட்டும் பூட்டியிருந்தது. அதன் கண்ணாடிக் கதவில் எழுத்துகளை உரித்தெடுத்த தடம் தெரிந்தது. பார்த்தேன், தாண்டிப் போனேன்.

நாலாவது மாடியில் கதவைத் திறந்தது அந்த மனிதரின் மனைவி. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடத்தில் வேலை. கை இரண்டும் ஊறி வெளுத்திருந்தன.

"பேப்பர்காரரா? வாங்க. நடிக்கிறாரா இல்லையான்னு பாக்கத்தானே வந்தீங்க? உள்ளதான் இருக்காரு, டிக்கெட் எல்லாம் கிடையாது."

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிர்பாராதது அவருடைய தலைமுடி. தோளைத் தாண்டித் தொங்கியது.

"சாமியாராப் போறவங்க மலைக்குப் போவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு நாலாவது மாடியே போதும்னு ஆயிடுச்சு" என்றார் அக்கா.

அவரைத் தெருவில் எல்லாரும் சாரக்காரர் என்பார்கள். கட்டடம் எழும்போது அதைச் சுற்றிக் கம்பும் கயிறுமாகச் சாரம் கட்டுவது அவர் தொழில். மீசை முளைக்கும் முன்பே ஏறத் தொடங்கியவர். ஊரின் பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட், பேங்க் எல்லாவற்றையும் கதவு வைப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறார். கதவு வைத்த பிறகு, அதே இடங்களில் வாசலில் காத்திருந்திருக்கிறார். கட்டடம் முடிந்ததும் முதலில் அவிழ்த்துப் போடுவது சாரத்தைத்தானே.

"எங்கேருந்து விழுந்தீங்க அண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் கறுத்தது. "நான் விழுந்ததே இல்ல. நான் கட்டின சாரத்துலேர்ந்து ஒருத்தனும் விழுந்தது கிடையாது. முட்டி ரெண்டும் தானாத் தேஞ்சு போச்சு. ஏறினது அத்தனை."

தேய்ந்த முட்டியோடு அந்தப் பழைய படிக்கட்டில் இறங்க முடியவில்லை. வருஷக்கணக்காக வீடே உலகம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தபோது நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

"மனுஷனை நாலு பேர் தூக்கிட்டுப் போறது ஒரு தடவைதான் நடக்கணும். எனக்கு ரெண்டு தடவை ஆயிடுச்சு. இன்னும் உக்காந்திருக்கேன்" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வருஷங்களில் மாதம் தவறாமல் நாலு மாடி ஏறி வந்தவர் ஒருவர் உண்டு. கீழே கடை வைத்திருந்த சலூன்காரர். பையில் கத்திரி, சீப்பு, வெள்ளைத் துணி. இதே ஜன்னலோரம் முடி வெட்டுவார், முகம் மழிப்பார், தெருவில் யாருக்கு யாரோடு சண்டை என்பதை முழுதாகச் சொல்லி முடிப்பார். காசு மட்டும் வாங்க மாட்டார். அவருக்கு ஒரு வழக்கம்: கடை நாற்காலியில் உட்கார்ந்தவரிடம்தான் கூலி. "வீடு தேடி வந்து வெட்டினா அது பழக்கம்ங்க, தொழில் இல்ல. நீங்க கீழ வந்து உக்காருற அன்னிக்கு மொத்தமா வாங்கிக்கறேன்." சாரக்காரர் மானஸ்தர். இறங்குகிற முதல் நாள் நேரே அந்த நாற்காலிக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

நிதியம் வந்தபோது ஒரு நிபந்தனை போட்டது. ஒரு படிக்கட்டைச் சேர்ந்த எல்லாக் கதவுகளும் சம்மதிக்க வேண்டும், கீழ்க்கடைகள் உட்பட. இவரால் இறங்க முடியாது என்பதால் கூட்டத்தைப் படிக்கட்டிலேயே வைத்தார்கள். அவரவர் மாடிப் படியில் அவரவர், உச்சியில் சாரக்காரர், அடியில் நிதியத்து அதிகாரி.

"எங்களுக்கு எதுக்கு லிஃப்ட்? நாங்க என்ன பாதாளத்துக்கா போறோம்?" என்றது ஒரு கடை.

மேலிருந்து சாரக்காரர் குரல் கொடுத்தார்: "எது வேணா செய்ங்க. வீட்டு வாடகை மட்டும் ஒத்தப் பைசா ஏறக்கூடாது!"

படிக்கட்டு முழுக்கக் கைதட்டல். அதிகாரி தாளில் ஏதோ கணக்குப் போட்டார். "சரி, வீட்டு வாடகை ஏறாது. ஆனா போட்ட பணம் எப்படியும் வரணும், கடைங்க கொஞ்சம் தாங்க வேண்டியிருக்கும்" என்றார். முதல் வாக்கியத்தின் கைதட்டலில் இரண்டாவது வாக்கியம் மேல்மாடிகளுக்கு ஏறவில்லை. கடைசியாகக் கையெழுத்துப் போட்டது சலூன்காரர். பிறகு வேலை நடந்தது, வீடுகள் குளிர்ந்தன, சுவர் ஈரத்தில் பிடித்திருந்த அக்காவின் இருமல் நின்றது, லிஃப்ட் வந்தது. லிஃப்ட் ஓடத் தொடங்கிய வாரம் சலூன் காலியானது. புது வாடகை கட்டுப்படியாகவில்லை.

சாரக்காரர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கம்புலேர்ந்து பாரத்தை எடுத்தா அது காத்துலயா போகும்? பக்கத்துக் கம்புக்குத்தான் போகும். சாரம் கட்டுற பொடிப்பயலுக்குக்கூடத் தெரியும் இது. ஆயுசு பூரா அதையே செஞ்சவன், அன்னிக்கு எங்க போகும்னு பாக்காமக் கத்திட்டேன். எங்க போச்சு? கீழ நின்னவன் தலையில."

"அதுக்காக?" என்றார் அக்கா. "இந்த லிஃப்ட்டுக்காக நான் ஆபீஸ் ஆபீஸா ஏறினது எத்தனை? உங்களோட தெருமுனை வரைக்கும் நடக்கணும், அவ்வளவுதான் கேட்டேன். இப்ப இவரு ஜடை பின்னிட்டு உக்காந்திருக்காரு."

"அவன் காசைக் குடுக்காம நான் அந்தப் பெட்டியில கால் வெக்க மாட்டேன்." தலையணைக்கடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க குடுத்துட்டு வாங்க. அவன் வாங்கிக்கிட்டான்னா இறங்கறேன்."

வதந்தியை விசாரிக்கப் போனவன் தூதுவனாகிவிட்டேன்.

வழியில் நிதியத்து அலுவலகம். நான் எதிர்பார்த்த வில்லன் அங்கே இல்லை. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர்தான் இருந்தார்.

"இது தர்மம் இல்ல சார், முதலீடு. போட்டவங்க கிழவங்களாகும்போது வந்து கேப்பாங்க. வீட்டு மேல ஏத்தக்கூடாதுன்னு அவங்களே சொன்னாங்க. மிச்சம் இருந்தது கடைதான். வேற வழி இருந்தா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

போட்டவர்கள் யார் யார் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னார், கட்டடத் தொழிலாளர்களும் அதில் உண்டு. ஆக, சாரக்காரர் கூலியில் பிடித்த பணமும் அதில் இருக்கிறது. அவர் லிஃப்ட்டுக்கு அவரே முதலாளி, சலூனைக் காலி செய்ததில் அவருக்கும் ஒரு பங்கு. இதை அவரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

"அந்தக் கடைக்கு ஆள் வந்தாச்சா?"

"அந்த வாடகைக்கு இன்னும் வரல" என்றார், குரலைத் தாழ்த்தி.

சலூன்காரரின் புது இடம் இரண்டு தெரு தள்ளி. நிதியத்தின் பட்டியலில் அதுதான் அடுத்த தெரு. பழைய கட்டடத்தின் முதல் மாடி, ஏணிக்குச் சித்தப்பா மாதிரி ஒரு படிக்கட்டு. மேலே அதே நாற்காலி. தோல் கிழிந்த கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. கைக்குட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போங்க சார். நாற்காலியில உக்காந்தாத்தான் காசு. அவருக்கே தெரியும்."

"கோபமா?"

"கோபம் இல்லாமயா? இருக்கு. யார் மேலன்னுதான் தெரியல." கத்திரியைத் துடைத்தார். "கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும். அந்த அதிகாரி சொன்னது கீழ இருந்த எங்களுக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. இவ்வளவு ஏறும்னுதான் தெரியாது."

"தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

"நான் மாசம் ஒரு தடவை அந்தப் படியில ஏறினவன். அக்கா தண்ணிக் குடத்தோட தினம் ஏறினாங்க, நான் கீழேருந்து பாத்துட்டே இருந்தேன். முடியாதுன்னு சொல்லிட்டு அந்த வாசல்ல எப்படிக் கடை நடத்தறது?" கத்திரியைத் தட்டில் வைத்துவிட்டு, "அதோட என் முட்டியும் வலிக்க ஆரம்பிச்சது சார். இன்னும் கொஞ்ச நாள் போனா எனக்கே ஒரு லிஃப்ட் கேக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார்.

திரும்பிப் போய்க் கைக்குட்டையைச் சாரக்காரர் மடியில் வைத்தேன். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். சலூன்காரர் வாங்கியிருந்தால் இவர் இறங்கியிருப்பாரா, எனக்குச் சந்தேகம். வாங்கவில்லை என்றதும் அவர் கைக்குட்டையை மனைவியிடம் கொடுத்தார்.

"தெரிஞ்சேதான் போட்டானா?"

"தெரிஞ்சேதான்."

"சட்டையை எடு" என்றார் மனைவியிடம்.

லிஃப்ட்டுக்குள் அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே பார்த்தார், கயிறு எங்கே என்று கேட்டார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வந்ததும் பூட்டிய கடையின் முன் ஒரு கணம் நின்று, கண்ணாடியில் தன் தலையைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆட்டோ.

புதுக் கடையின் படிக்கட்டடியில் இறங்கியபோது எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. யோசித்திருக்க வேண்டியவன் நான். அந்தப் படியில் சற்று முன்புதான் ஏறி இறங்கியிருந்தேன். அவர் ஒரு படியில் கால் வைத்தார். முட்டி மடங்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

மேலே சலூன்காரர் தலை தெரிந்தது. "யாருடா இது, சாமியாரு!" என்றவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வெள்ளைத் துணியுமாக இறங்கி வந்தார். நடைபாதையில் ஸ்டூலைப் போட்டார். சாரக்காரர் உட்கார்ந்தார். அந்த ஊரில் எத்தனையோ சுவர்களைச் சுற்றிக் கட்டிய மனிதரைச் சுற்றி ஒரு துணி கட்டப்பட்டது. கத்திரி பேசியது. அவர்கள் இருவரும் பேசவில்லை. தெருச் சண்டைகளைப் பற்றிக்கூட.

முடிந்ததும் அக்கா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.

"இது ஸ்டூல் அக்கா. நாற்காலி மேல இருக்கு" என்றார் சலூன்காரர்.

சாரக்காரர் அண்ணாந்து படிக்கட்டைப் பார்த்தார், வேலை பேச வந்தவர் போல. "இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் எப்ப வருமாம்?" என்றார், நானே நிதியம் என்பது போல என்னிடம்.

அந்தக் கட்டடத்துப் பணம் திரும்பி வரும்போது இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் வரும். பூட்டிய கடைக்கு ஆள் வந்தால் அந்தப் பணம் திரும்பி வரும். இதைத்தான் சொன்னேன். மூவரும் கேட்டுக்கொண்டார்கள்.

சலூன்காரர் துணியை உதறினார். நரைத்த முடி நடைபாதையில் விழுந்தது.

"இன்னிக்கு வெட்டினதையும் கணக்குல சேத்துக்குங்க" என்றார்.