பாட்டுக்கு நடுவே ஒரு பொன்னாடை

போன வாரம் திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில், பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றின் மேல் மாம்பழ மஞ்சளில் ஒரு பொன்னாடை போர்த்தியிருந்ததைப் பார்த்தேன். ஜரிகைக்குச் சற்று மேலே, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பட்டுக் கருகிய தடம், கட்டைவிரல் அகலத்துக்கு. அதை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே இஸ்திரி போட்டுச் சுட்டவன் நான்தான். என் பணி ஓய்வு விழாவுக்கு அழைக்க வந்தவன், அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். முழங்கால் வலித்தது. இப்போதெல்லாம் எதை நினைத்தாலும் முதலில் முழங்கால்தான் வலிக்கிறது.

அது எங்கள் சூப்பிரண்டு மேடத்தின் வீடு. தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் அவருக்குக் கீழே ஒன்பது வருடம் குப்பை கொட்டினேன். கொட்டிய குப்பையைக் கூட்டியவர் அவர். எனக்குக் கோப்பு எழுதத் தெரியாது என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். ஆனால் விழா என்று வந்துவிட்டால் என்னை விட்டால் ஆளில்லை. பீரோவின் மேல்தட்டில் நான்கு பொன்னாடைகள் என் பொறுப்பில் இருந்தன. மாறுதலோ, பதவி உயர்வோ, ஓய்வோ, அவற்றில் ஒன்று யார் தோளிலாவது ஏறும். படம் எடுத்ததும் இறங்கும். மடிப்புக் கலையாமல் பீரோவுக்குத் திரும்பும். போர்த்திக்கொண்டவரும் கேட்க மாட்டார், போர்த்தியவனும் சொல்ல மாட்டேன். எந்த மேடையிலும் பேச்சு ஓய்ந்து ஒரு கணம் அமைதி விழுந்தால் போதும், என் கால்கள் தாமாகப் படியேறிவிடும்.

மேடம் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. காலையில் பத்து ஐந்துக்கு நான் நுழைந்தால், தலையைத் தூக்காமலே "வாங்க, டிபன் முடிஞ்சிருச்சா?" என்பார். அவ்வளவுதான் அவருடைய அதிகபட்ச நகைச்சுவை. கணவர் தவறிய பிறகு தனியாக இருந்தார். அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மத்தியானம் என்னை மேசைக்கு அழைத்தார். மெமோ என்று நினைத்துப் போனேன். தாளில் சுற்றிய ஒரு அழைப்பு அட்டையைக் காட்டினார். ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் ராக் இசை நிகழ்ச்சி. இங்கிலீஷில் மட்டுமே பாடுகிற, எழுபதைத் தாண்டிய, பெங்களூர்ப் பாடகர் ஒருவர். இதுதான் கடைசிச் சுற்றுப்பயணம் என்று போட்டிருந்தது.

"காலேஜ் படிக்கையில இவரு கொடைக்கானல்ல பாடினாரு. டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன். எங்கப்பா வாங்கிப் பத்திரமா வச்சுக்கிட்டாரு. கல்யாணம் முடிஞ்ச அன்னிக்குத்தான் திருப்பிக் குடுத்தாரு" என்றார். "கடைசியா ஒரு மெதுவான பாட்டுப் பாடுவாரு. அத மட்டும் ஒரு தடவை நேர்ல கேட்கணும். தனியாப் போகத் தயக்கமா இருக்கு. நீங்க வாறீங்களா?"

எனக்கு ராக் என்றால் என்ன தெரியும்? ஆனால் ஒன்பது வருடத் தாமதத்துக்குப் பிராயச்சித்தம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. பீரோவைத் திறந்து, சுட்ட பொன்னாடையை எடுத்துப் பையில் வைத்தேன். மேடத்தின் பெயரைச் சொல்லிப் பாடகருக்குப் போர்த்திவிட்டு, படம் எடுத்ததும் வாங்கி வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

ஆட்டோவில் அவர் பின்னால், நான் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்து போனோம். "பாட்டுக் கச்சேரியாண்ணே? யாரு பாடுறாக?" என்று டிரைவர் கேட்டார். "இங்கிலீஷ்காரரு" என்றேன். "புரியுமாண்ணே?" என்றார். "ஆபீஸ்ல வாற லெட்டரே புரியாது. இது புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன?" என்றேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது.

பாடகர் தோல் சட்டையோடு மேடைக்கு வந்தார். மதுரை வெயில் அடங்கியும் அடங்காத நேரம். இரண்டாவது பாட்டிலேயே சட்டையைக் கழற்றிவிட்டார். உள்ளே சாதாரண வெள்ளை பனியன், நம் வீட்டுப் பெரியவர்கள் போடுவது. துள்ள வேண்டிய இடங்களில் ஒரு காலை மட்டும் தூக்கினார். உச்சத்துக்குப் போக வேண்டிய இடங்களில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். கூட்டமோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் குரலில் ஏதோ இருந்தது. நாள் முழுக்கக் கல் உடைத்துவிட்டு வந்த ஆள் வாசற்படியில் உட்கார்ந்து விடுகிற மூச்சு மாதிரி. மேடம் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு பாட்டுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அத்தனையும் மனப்பாடம்.

பத்து மணிக்கு மைக்கை நிறுத்தியாக வேண்டும். இருபது நிமிடம் இருக்கும்போது வாத்தியக்காரர்கள் எல்லாரும் விலகினார்கள். பாடகர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கித்தாரை எடுத்தார். மைதானம் அப்படியே அடங்கியது. மேடம் என் பக்கம் திரும்பி, "இதுதான்" என்றார்.

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் மேடையில் அமைதி விழுந்ததும் என் கால்களுக்குக் காது கேட்காது. எழுந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். நிகழ்ச்சித் தொகுப்பாளர் நம்ம ஊர் ஆள், எல்லா விழாவிலும் பார்த்துப் பழகியவர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணே, நானும் இதத்தான் யோசிச்சேன்!" என்று மைக்கைப் பிடித்துவிட்டார். கித்தார் கம்பியில் விரல் வைத்திருந்த பாடகர் எழுந்து நின்றார். போர்த்தினேன்.

அத்தோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். நான் ஒருவன் ஏறியதைப் பார்த்ததும், முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பையைத் திறந்தார்கள். நகைக்கடைக்காரர், கவுன்சிலர், பந்தல் போட்டவர், பந்தல்காரரின் மாப்பிள்ளை. "சார், இந்தப் பக்கம் பாருங்க. இன்னொண்ணு எடுத்துக்கிறேன்." பதினோரு பொன்னாடைகள். அந்தப் பனியனுக்கு மேல் அடுக்கடுக்காக ஏறி, கடைசியில் அவர் தலை மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒருவர் தமிழர் விருந்தோம்பலைப் பற்றிப் பேசினார். விரிவாகவே பேசினார். பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். மைக் நின்றது.

நான் இறங்கி வந்து மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மேடையில் காலியாகக் கிடந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. கூட்டம் கலைந்தது. அவருக்குக் கால் வீங்கியிருந்ததால் கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்று உட்கார்ந்தே இருந்தோம். அப்போது பாடகர் மெதுவாகப் படியிறங்கி, எங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் குவித்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர், எட்டாமல் பாதியில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். மேடம் தன் சீரகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முழுதும் குடித்தார்.

"உங்க ஊர்ல ரொம்ப மரியாதை. தோள் வலிக்குது" என்றார் அவர், தெரிந்த தமிழில்.

நான் மேடத்திடம் கிசுகிசுத்தேன். "கேளுங்க மேடம். மைக் இல்லாட்டி என்ன? ரெண்டு வரி பாடச் சொல்லுங்க."

"சும்மா இருங்க. நீங்க செஞ்சது பத்தாதா? அவரு மூஞ்சியப் பாருங்க. அம்புட்டுக் களைப்பு."

நாற்பது வருடம் காத்திருந்தவர் கேட்கவில்லை. நாங்கள் எழுந்திருக்கும்போது பாடகர் குவியலின் மேலே கிடந்ததை எடுத்து மேடத்தின் கையில் கொடுத்தார். முதலில் போர்த்தியதுதானே கடைசியில் கழற்றப்படும். கருகிய தடம் விளக்கில் தெளிவாகத் தெரிந்தது.

அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய ஓய்வு விழா. இன்னொரு பொன்னாடையோடு ஓரமாக நின்றேன். யாருடைய பேச்சிலும் குறுக்கே போய்விடக் கூடாது என்ற பயம். ஒவ்வொரு அமைதியிலும் கால்களைப் பிடித்து நிறுத்தினேன். நன்றியுரை முடிந்து நாட்டுப்பண்ணும் வந்துவிட்டது. பொன்னாடை என் கையிலேயே இருந்தது. மேடம் வெறும் தோளோடு வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. போன வாரம் அழைப்பிதழை வாங்கிப் படித்தவர், "அந்தப் பாட்ட நீங்க கேட்டதே இல்லையே?" என்றார். இல்லை என்றேன். பொன்னாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேசட்டைப் போட்டார். "முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

பழைய நாடா. குரல் அங்கங்கே இழுத்தது. பாடகருடைய இளமைக்காலக் குரல், களைப்பு என்றால் என்னவென்று தெரியாத குரல். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஓரிடத்தில் எல்லாம் நின்று நீண்ட அமைதி வந்தது. என் கால்கள் அசைந்தன. மேடம் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினார். உட்கார்ந்தேன். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தார் என்று தெரிந்தது.

நாடா முடிந்து பட்டன் தானாக மேலே வந்தது. மேடம் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, அந்த மஞ்சளை விரித்து என் தோளில் போர்த்தினார்.

"இப்பப் போடலாம்" என்றார்.