இரண்டாவது கட்டில்

கணவர் இறந்து சில மாதங்கள் இருக்கும். வெரிபீ ஊரில் எங்கள் வீட்டுக் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பள்ளிக்கூடப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அம்மா, உலகமே கொண்டாடுற இந்த இங்கிலீஷ் நாடகாசிரியர் சாகேக்க மனிசிக்கு எழுதி வைச்சது செகண்ட் பெஸ்ட் கட்டிலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ்வளவு பெரிய ஆளுக்கு, பெண்சாதிக்கு நல்ல கட்டிலைக் குடுக்க மனம் வரேல்லையோ?"

"பொறுங்கோ அம்மா. அந்தக் காலத்தில நல்ல கட்டில் விருந்தாளியளுக்காம். மற்றதுதான் அவையள் ரெண்டு பேரும் படுத்ததா இருக்கும் எண்டு டீச்சர் சொன்னவ."

என் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் நல்ல கட்டில், கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரருக்கென்று முன்னறையில் விரித்தபடியே கிடந்தது. நானும் கணவரும் படுத்தது, முன்பு லிட்கம் ஊரில் குடியிருந்தபோது வாங்கிய பழைய கட்டிலில். பார்க்கப் பார்க்க மனம் தாங்காமல், அதை எடுத்துப்போக மறுநாள் ஆள் வரச் சொல்லியிருந்தேன்.

உடனே போன் எடுத்து, வரவேண்டாம் என்றேன்.

அந்த நாடகாசிரியர் எழுதிய ஒரு வரிகூட நான் படித்ததில்லை. ஆனாலும் அவருடைய மனைவி ஏமாந்துபோகவில்லை என்றே நம்புகிறேன். அன்று படுக்கப் போனபோது, மெத்தையில் என் கணவர் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது.