பூ நூலை விழுங்கிய கோழி

எங்கள் வீட்டுக் கோழிக்கு நெஞ்சில் தையல் போட்ட கதையைச் சொன்னால் மேனாம்பேட்டில் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! எனக்கு அதில் பெருமைதான்.

தெருவில் கூடையில் வைத்து விற்ற பச்சைச் சாயக் குஞ்சு அது. நான் வாங்கிவந்த அன்று என் கணவரின் அக்கா பட்டாபிராமிலிருந்து வந்திருந்தார். "இது எங்க பொழைக்கப் போவுது? உன் கையில எதுதான் தங்கிச்சு?" என்று சொல்லிவிட்டு, நான் போட்ட காப்பியையே குடித்தார். அதற்கு முன் வளர்த்த குஞ்சுகளைக் காக்கையும் பூனையும் கொண்டுபோனது உண்மைதான். நட்ட முருங்கை காற்றில் முறிந்ததும் உண்மைதான். ஆனாலும் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. இதை வளர்த்துக் காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். வளர்ந்தது. சாயம் போய் வெள்ளை வெளேரென்று கொழுத்து நின்றது, முட்டையும் வைத்தது.

போன ஆடியில் ஒரு காலை, கூண்டைத் திறந்தால் என் காலைச் சுற்றிவரும் கோழி மூலையில் உம்மென்று நின்றது. தூக்கித் தடவிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே தீனிப்பை கல் மாதிரி இருந்தது. கோழி தின்பது முதலில் அந்தப் பையில்தான் தங்கும். ராத்திரியில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, விடியும்போது பை காலியாகிவிட வேண்டும். அன்று இறங்கவில்லை.

தொழிற்பேட்டைக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம அக்கா வருது. அதுவா சாவறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வெச்சுட்டா வீணாப் போவாது."

"கைய வெச்சுதான் பாரேன்யா!" என்று கத்தினேன். என் கையில் எதுவும் தங்காது என்றவருக்கு என் கோழியையே குழம்பு வைத்துப் பரிமாற வேண்டுமாம்.

அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து, "கால புடிச்சித் தலகீழா ஒதறு, உள்ள கீறதெல்லாம் கொட்டிடும்" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. தீனியை நிறுத்தினேன். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் புகட்டி, பையை நோகாமல் நீவிக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையிலும் கல் கல்லாகவே இருந்தது. கோழியைக் கட்டைப்பையில் உட்காரவைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "தலைகீழாப் பிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"நல்ல வேளை. மூச்சுக்குழாயில ஏறியிருந்தா அங்கேயே போயிருக்கும்."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. யார் சொல்லியும் கேட்காத என் பிடிவாதம் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அவர் மரத்துப்போக ஊசி போட்டுத் தீனிப்பையைக் கீறினார். நான் இறக்கையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். இடுக்கியில் பிடித்து இழுக்க இழுக்க நூல் வந்தது. சிக்கலான வெள்ளை நூல், அதில் கருகிய மல்லி அங்கங்கே ஒட்டியிருந்தது.

பார்த்ததுமே விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குச் சாத்துகிற சரம் வாடியதும் என் கணவர்தான் கழற்றுவார். சாமி பூ காலில் மிதிபடக்கூடாது என்று பயபக்தியோடு கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடியடியில் போடுவார். அங்கேதான் என் கோழி நாள் முழுக்கக் கிளறும்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்தவர் கட்டைப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, வெட்ட எடுத்துகினு போறியா?"

"ஆபரேசன் முடிஞ்சி ஊட்டுக்கு வருது. கொஞ்சம் தள்ளி உக்காரு நைனா!" என்றேன். ஆட்டோவே சிரித்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாயந்திரம் அந்த நூல் சுருளைக் கணவர் முன்னால் வைத்தேன். "இந்தா, உன் பக்தி." அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய்க் கூண்டு பக்கத்தில் குந்திக்கொண்டார்.

தயிர்சாதத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் தடவிப் பார்த்தால் பை காலி! நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரி பதறிப்போய் வந்துவிட்டாள்.

ஞாயிறன்று நாத்தனார் வந்தார். தோட்டத்துப் பக்கம் கோழியைப் பார்த்ததும், "இன்னாடா, இன்னிக்கி கோழிக் கொழம்பா?" என்று தம்பியைக் கேட்டார். என் கணவர் செம்பருத்தியடியில் உட்கார்ந்து, வாடிய சரத்திலிருந்து பூவை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். நூலை மட்டும் விரலில் சுற்றிவைத்திருந்தார்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மீனு வாங்கியாந்துகீறேன்க்கா. அது மேல யாரும் கை வெக்கக் கூடாது. அவ கையில தங்கின உசுரு அது."

நாத்தனார் குனிந்து கோழியின் நெஞ்சைத் தொடக் கையை நீட்டினார்.

"பாத்துத் தொடுங்க," என்றேன். "தையல் இன்னும் பிரிக்கல."