அத்தைக்காக ஒரு முங்கு

கும்பமேளாவுக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுச் செல்வி, "ஒங்க பேரச் சொல்லியும் ஒரு முங்கு முங்குனேன்க்கா" என்றாள். எனக்கு உடம்பு கூசியது.

பத்து வயதில், அருப்புக்கோட்டையிலிருந்து மகாமகத்துக்குக் கிளம்பியபோது, வாதத்தில் நடை போன எதிர்வீட்டு அத்தை தறி நூலுக்குப் போடும் கஞ்சி மணக்கும் கையால் என்னைப் பிடித்துக்கொண்டார். "எம்பேரச் சொல்லி ஒரு முங்கு முங்கிட்டு வா தாயி."

குளத்தில் தண்ணீர் சேறாகக் கலங்கி வாடை அடித்தது. அருவருப்பில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டேன்.

திரும்பி வந்ததும், "மூணு முங்கு முங்குனேன் அத்தை" என்றேன். அவர் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எனக்கு ஒன்னு போதும் தாயி. மத்த ரெண்டும் ஒனக்கு இருக்கட்டும்."

செல்வியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிஜமாகவே முங்கினாளா என்று கேட்க எனக்கு ஏது வாய்?