தண்ணீர்ப் பானையில் குளிர் மீன்

எனக்கு மீன் என்றால் செத்த மீன்தான். இருபது வயதிலிருந்து மட்டக்களப்பில் ஒரு ஐஸ் பெக்டறியில் வேலை செய்கிறேன். தகரப் பெட்டிகளில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து, பாளங்களை உடைத்துக் கடல்காரருக்கும் வாவிக்காரருக்கும் கொடுப்பது எங்கள் வேலை. திரளியோ பாரையோ கொடுவாவோ, கண்ணைப் பார்த்தால் எத்தனை நாள் மீன் என்று சொல்லிவிடுவேன். ஆனால் உயிரோடு இருக்கும் மீன் நாள் முழுதும் என்ன செய்துகொண்டிருக்கும் என்று நாற்பது வயது வரை எனக்குத் தெரியாது. அதை யோசித்ததும் இல்லை.

யோசிக்க வைத்தது காத்தான்குடியில் ஒரு சின்னக் கடை. சுனாமிக்குப் பிறகு நாலாவது வருடம் என்று நினைக்கிறேன். ஐஸ் லொறியோடு கிழமைக்கு மூன்று தரம் அங்கே சந்தைக்குப் போவேன். பாளங்களை இறக்கிய பிறகு லொறி திரும்பக் கொஞ்ச நேரம் ஆகும். சந்தைக்குப் பக்கத்தில் சவூதியிலிருந்து திரும்பி வந்த ஒருவர் கண்ணாடித் தொட்டிகள் வைத்து வளர்ப்பு மீன் விற்றுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகாமல் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்ப்பேன். வாங்காமல் ஒரு கடைக்குள் நிற்க எனக்குக் கூச்சம். இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

“தம்பி, ரோட்டில நிண்டு பார்த்தா மீனுக்கு உங்களத் தெரியா. உள்ளுக்கு வாங்க.”

“இல்ல காக்கா, சும்மாதான்.” அந்த ஊரில் மூத்தவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது.

“சும்மா பார்க்கிறதுக்குத்தானே கண்ணாடி போட்டிருக்கன்.”

உள்ளே போனேன். ஒரு தொட்டியில் சுண்டுவிரலின் இரண்டு கணு நீளத்தில் சின்ன மீன்கள். உன்னிச்சைக் குளத்து மதகடியில் பார்க்கும் கெண்டைக் குஞ்சு போலத்தான் முதலில் தெரிந்தன. பிறகு ஒன்று திரும்பியது. பக்கவாட்டில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு, வால் சிவப்பு. இரண்டு ஆண் மீன்கள் அருகருகே வந்து, செட்டையெல்லாம் விரித்து, உடம்பை நடுக்கி நின்றன. கடிக்கவில்லை, முட்டவும் இல்லை. யார் பெரியவன் என்று காட்டிவிட்டு இரண்டும் தம்பாட்டில் போய்விட்டன. சண்டையை இப்படியும் முடிக்கலாமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“இது சீனாவில மலை ஓடையில கிடக்கிற மீன். குளிர் மீன் எண்டுதான் நாங்க சொல்ற. நுவரெலியாவில நல்லா நிக்கும். நம்மட ஊருக்குச் சரிவராது, நான் பிடிவாதத்துக்குக் கொண்டாந்திட்டன்” என்றார் காக்கா.

அவர் சரிவராது என்று சொன்ன அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊரில் குளிருக்குப் பொறுப்பான ஆள் நான் அல்லவா?

எட்டு மீனையும் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்போது நாங்கள் சுனாமி வீட்டில் இருந்தோம். கடற்கரையில் எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். புதிய வீடுகளை மரம் மட்டை இல்லாத வெளியில் வரிசையாகக் கட்டித் தந்திருந்தார்கள். மேலே அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரை. பகல் பத்து மணிக்கே உள்ளே இருக்க முடியாது.

மனைவி தொட்டியைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் முகம் வைத்து உட்காரவில்லை. சுனாமியில் அடிபட்டுப் போன அவளுடைய தங்கையை மூன்றாம் நாள் வாவிக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள். நான் அதை அப்போது யோசித்திருக்க வேண்டும்.

மீனுக்குக் குளிர் வேண்டும், என்னிடம் ஐஸ் இருந்தது. எனக்கு அதற்கு மேல் ஒரு கேள்வியும் எழவில்லை. தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தொட்டியில் போடுவேன். அது கரையக் கரைய மீன்கள் மூலைக்குப் போய் அசையாமல் நிற்கும். குளிர் பிடித்துச் சுகமாக நிற்கின்றன என்று நான் நினைத்தேன்.

என்னோடு வேலை செய்கிறவனுக்கு இது தெரிந்ததும் பெக்டறி முழுக்கச் சிரிப்பு.

“மச்சான், செத்த மீன் பழுதாகாம இரிக்கத்தான் நாம ஐஸ் போடுற. நீ உசிரோட இரிக்கிறதுக்குப் போடுறாய். அதுகள் என்ன நினைக்கும், விக்கப் போறான் எண்டுதானே நினைக்கும்!”

ஆறாம் நாள் விடிய எட்டும் மல்லாந்து கிடந்தன. அன்றைக்கு எனக்கு முதல் எழும்பியது மனைவி. நான் வந்து பார்த்தபோது அவள் குசினி வாசலில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தண்ணிக்குள்ள செத்துக் கிடக்கிறத என்னால பார்க்க ஏலா” என்றாள். “இன்னொரு தரம் இந்த வீட்டில இப்பிடி நடந்தா அந்தத் தொட்டிய ஆருக்கும் குடுத்திரணும். எனக்குச் சொல்லுங்க, குடுப்பீங்களா?”

“குடுப்பன்” என்றேன்.

ஏன் செத்தன என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. வெறுந் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பெக்டறியில் கைவிட்ட ஒரு தேர்மோமீட்டரைக் கொண்டுவந்து உள்ளே போட்டேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது, ஆனால் இலக்கம் வாசிப்பேன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பகலில் முப்பத்திரண்டு. ஐஸ் போட்ட அரைமணி நேரத்தில் பத்தொன்பது. விடியும்போது திரும்பவும் இருபத்தொன்பது. அதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒவ்வொரு நாளும் அந்தச் சின்ன உடம்புகளை நான் மலைக்கு ஏற்றி, திரும்பவும் இங்கே இறக்கியிருக்கிறேன்.

காக்காவிடம் தாளைக் காட்டினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“உங்களயும் என்னயும் இப்பிடிப் பண்ணினா காய்ச்சல் வராதா? அதுக்கு ஐஸ் வேணாம் தம்பி, சூடு ஏறாம இரிந்தாக் காணும். ஒரே மாதிரி இரிக்கணும்.”

அதற்குப் பிறகு நெடுநாள் நான் மீன் வாங்கவில்லை. அடுத்த மாரி தொடங்கியதும், வாடைக் காற்றில் தண்ணீர் தானாகவே குளிர்ந்திருந்த நாட்களில், ஆறு வாங்கினேன். மனைவியிடம் கேட்டேன். “உங்கட விருப்பம். சொன்னது ஞாபகம் இரிக்கில்ல?” என்றாள். ஞாபகம் இருந்தது. மாரி முழுதும் அந்த ஆறும் நன்றாக இருந்தன. தேங்கிய தண்ணீரில் அள்ளிய நுளம்புப் புழுவைப் போட்டால் மேலே பாய்ந்து பிடிக்கும். இரண்டு கண்ணும் வேறு வேறு பக்கம் பார்க்கும் ஒரு உயிர், முன்னால் இருக்கும் புழுவை எப்படிக் குறி பார்க்கிறது என்று மணிக்கணக்காகப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது, சித்திரையும் வந்தது. வடக்கே வன்னியில் சண்டை ஒரு துண்டு நிலத்துக்குள் சுருங்கி வருவதாக ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் பக்கம் கச்சான் காற்று முந்தியே எழும்பிவிட்டது. மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து வாவியைத் தாண்டி வரும் அந்தக் காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். தொட்டியில் முப்பது, முப்பத்தொன்று. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ஒரு பகல் தண்ணீர் குடிக்கப் போனேன். எங்கள் குடி தண்ணீர்ப் பானை குசினி யன்னலடியில் ஈர மணலில் இருந்தது. படுவான்கரையில் சண்டை ஓய்ந்து போக வரப் பாதை திறந்த பிறகு, கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குப் போய் மனைவி வாங்கிவந்த வாயகன்ற பானை. குடித்துவிட்டு வெளிப்பக்கத்தில் கை வைத்தேன். குளிர்ந்தது. ஓடிப்போய்த் தேர்மோமீட்டரை எடுத்து வந்து உள்ளே விட்டேன். இருபத்தாறு! ஐஸ் இல்லை, கரண்ட் இல்லை. காலையில் விட்டேன், மாலையில் விட்டேன், இருபத்தாறுதான். ஐஸ் பெக்டறியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன், தன் வீட்டுக் குசினியில் நின்ற பானையைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மனைவி மண்டூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை பொறுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டேன் என்பாள் என்ற பயம். மீன்கள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. ஆறையும் தேநீர் வடியால் அள்ளிப் பானைக்குள் விட்டேன்.

அவள் வெயிலில் வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு செம்பை எடுத்துப் பானைக்குள் விட்டாள். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் செம்பு மேலே வந்துவிட்டது.

“இஞ்ச! என்ன இது ஓடுது?”

“மீன்.”

“என்ட தண்ணிப் பானைக்குள்ளயா?”

“வெளியில சூடு…”

“எனக்கும்தான் சூடு! நான் எதுக்குள்ள குதிக்கிற?”

செம்பைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

“வடிச்சு அள்ளினது என்ட தேத்தண்ணி வடியாலயா?” என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். “அப்ப அதுவும் போச்சு.”

அடுத்த சந்தைக்கு வேறு பானையும் வேறு வடியும் வாங்கினோம். யன்னலடிக்குப் புதுப் பானை வந்தது, மீன் பானையை நான் உள் மூலையில் மணல் போட்டு வைத்தேன். ஆனால் இருபத்தாறு நிற்கவில்லை. இரண்டு நாளில் இருபத்தெட்டுக்கு ஏறியது. நான் தேர்மோமீட்டரோடு சுற்றிச் சுற்றி வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூலையில வச்சா எப்பிடிக் குளிரும்? வாசலுக்கு எடுங்க. காத்து அடிக்கிற இடத்தில, வெயில் படாம. மணல ஒருநாளைக்கு மூணு தரம் நனைக்கணும். பானைக்கு மேலாலயும் ஒள்ளம் தண்ணி ஊத்தணும். மறுகா, வெளிப்பக்கம் பாசி பிடிச்சா தேய்ச்சுப் போடுங்க, பிடிச்சா பானை வேர்க்காது. இத்தின வருசமாத் தண்ணி குளிர வைக்கிறவள் நான். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

அவள் சொன்னபடி செய்தேன். ஒரு விசயம் கண்டுபிடித்தேன். கச்சான் எவ்வளவு காய்ந்து, எவ்வளவு வேகமாக அடிக்கிறதோ, பானை அவ்வளவு குளிர்ந்தது. காற்று விழுந்த நாளில் இருபத்தேழு, ஊரே திட்டிக்கொண்டிருந்த மோசமான நாளில் இருபத்தைந்து. பெக்டறியில் மோட்டர் செய்கிற வேலையை ஈர மண்ணும் சூட்டுக் காற்றும் சேர்ந்து செய்தன. இதை அவளுக்குச் சொன்னேன். “அதுதானே சொன்னன், காத்தில வைங்க எண்டு” என்றாள். அவளுக்கு அது கண்டுபிடிப்பே இல்லை.

மீன் பாய்ந்து விழாமல் வலைத் துண்டு கட்டினேன். பானையில் ஒரே ஒரு குறை. பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. வெள்ளிக் கோடு தெரியாது. மேலிருந்து பார்த்தால் மங்கலாக முதுகும், சில நேரம் வால் சிவப்பும் தெரியும். எண்ணவே கஷ்டம். கண்ணாடித் தொட்டி வெறுமையாக மேசையில் இருந்தது.

வைகாசியில் ஒரு காலை வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரும் கடலுக்குப் போகவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. மட்டக்களப்பு ரவுண் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது, கொண்டாடிக் கொளுத்துகிற வெடி. எங்கள் வரிசையில் யாரும் வெளியே வரவில்லை. மனைவி வாளியோடு வந்து மணலை நனைத்தாள். அவளுக்குத் தெரிந்த எத்தனையோ பேர் வடக்கே இருந்தார்கள்.

அன்றைக்கு முதல் நாள்தான் ஒரு மீன் செத்திருந்தது. விடியக் கண்டு, அவள் வருவதற்குள் எடுத்து முருங்கைக் கன்றுக்குக் கீழே புதைத்தேன். கையில் வைத்துப் பார்த்தேன். வால் சிவப்பு அப்படியே இருந்தது, முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. சூட்டினாலா, வயதினாலா? எனக்குத் தெரியவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அதையும் புதைத்தேன்.

“மீன் எப்பிடி?” என்று அவள் கேட்டாள்.

“ஆறும் நல்லா இரிக்கு.”

திருமணம் முடித்த நாளிலிருந்து அவளிடம் பொய் சொன்னதாக ஞாபகம் இல்லை. அந்தக் கிழமை நாலு தரம் சொன்னேன். தொட்டியைக் கொடுத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. பானையையும் கவிழ்த்துவிடச் சொல்வாள் என்றுதான் பயம். அதற்கு மேல் இன்னொரு பயம். அந்த நாட்களில் அவளிடம் போய், தண்ணீருக்குள் ஒன்று செத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

ஐந்தாம் தரம் நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். பானைக்கு வெளியே தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நிமிராமல்:

“நாலுதான் இரிக்கு.”

நான் வலைத் துண்டின் முடிச்சை இறுக்கினேன்.

“முருங்கையடியில மண் கிளறிக் கிடந்திச்சு, ரெண்டு இடத்தில. முதலாவது நாளே கண்டன்.”

“ஏன் சொல்லல்ல?”

“நீங்க ஏன் சொல்லல்ல?”

வாளி காலியானது. அவள் அதைக் கீழே வைத்தாள்.

“தொட்டிய நாளைக்கே காக்காட்டக் குடுத்திடுறன்” என்றேன்.

“குடுங்க. கண்ணாடிக்குள்ளால பார்க்க எனக்கு ஏலா. இது கிடக்கட்டும்.” பானையின் விளிம்பில் கை வைத்திருந்தாள். “ரெண்டு செத்ததக் கண்ட பிறகும் நான் தண்ணி ஊத்தித்துத்தானே இரிந்தன்.”

அடுத்த நாள் தொட்டியை சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காக்கா காரணம் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் வலையை நீக்கிவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுகள் நித்திரை கொள்ளுமா?” என்று கேட்டாள்.

“ஓம். கண் மூடாது. நிறம் போயிரும். வெளிச்சம் பட்டாப் பிறகு திரும்ப வரும்.”

“பொய்.”

“விடியப் பாருங்க.”

விடிய நான் எழுப்பவில்லை, அவளே எழும்பி வந்து கூப்பிட்டாள். வாசலில் அப்போதுதான் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. பானைக்குள் நாலும் மணல் நிறத்தில் அசையாமல் நின்றன. இருவரும் பானையடியில் குந்திக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒன்றின் வாலில் சிவப்பு ஏறியது. பிறகு இன்னொன்றுக்கு. மூன்றாவதும் நகர்ந்தது.

“ஒண்டு இன்னும் வெளிறிப்போய்த்தான் நிக்குது” என்றாள்.

“அதுக்கு ஒள்ளம் நேரம் எடுக்கும்.”

அவள் எழும்பவில்லை.