ரத்தம் வந்தால் தேய்க்காதே

என் அக்காவுக்குப் பதினெட்டு வயதில் ஈறு வீங்கியது. வேப்பங்குச்சியை வாயில் வைத்தாலே ரத்தம். "ரத்தம் வருது, இன்னமே தேய்க்காத. புண்ணு ஆறட்டும்" என்றாள் அம்மா. காவலுக்கு என்னைப் போட்டாள். சும்மா விடுவேனா? கிணற்றடியில் அவள் திருட்டுத்தனமாகக் குச்சி ஒடித்தால் பிடுங்கி வீசுவேன். அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தேய்க்காத வாய் நாறியது. 'மீன்கூடை' என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டே பேசப் பழகினாள். பல்லில் பூச்சி என்று சொல்லி, பூச்சி எடுக்கிற ஒருத்தி கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை அவள் வாய்க்குள் பிடிக்க வைத்தாள். கீழே வைத்த தட்டில் விழுந்த விதைத் துணுக்கையெல்லாம் பூச்சி என்று தெருவே எட்டிப் பார்த்தது.

திருப்புலிவனத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "வாயத் தொறக்காத" என்று சொல்லித்தான் அம்மா அவளைக் கூடத்துக்கு அனுப்பினாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சந்தேகம். "பொண்ணு ஊமையா? எத்தினியாவது படிச்சிக்கிற, சொல்லும்மா" என்று கிட்டே போய்க் குனிந்தாள். அக்கா சொன்னாள். அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மறுவாரம் ஆள் வந்தது: சின்னவளைக் கொடுங்கள். கொடுத்தார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கும் அதே வாய். அன்றைக்கு அவரை வாயைத் திறக்கச் சொல்ல யாருக்குத் தோன்றியது?

சில வருஷத்தில் அவர் பல் ஆடியது. காஞ்சிபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல படிஞ்சி விஷத்தக் கக்குது. அதுலதான் ஈறு வீங்கி ரத்தம் வருது, பல்லைப் புடிச்சிக்கினு இருக்கிற எலும்பும் கரையுது. ரத்தம் வந்தா அப்பதான் வுடாம தேய்க்கணும். நிறுத்துனா கிருமிக்குக் கொண்டாட்டம்."

அன்றே அம்மா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. முன்பல் நாலும் போய்விட்டன. வரன் வருவதும் நின்றுபோயிருந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"அப்ப அந்தக் குச்சியே போதுமா இருந்திச்சாடி?"

"ஆரம்பத்துலயே வுடாம தேய்ச்சிக்கினு இருந்தா பல்லு நின்னிருக்கும்னாரு."

அக்கா எழுந்து போனாள். கிணற்றடி வேம்பில் ஒரு குச்சியை ஒடித்து வந்து என் கையில் வைத்தாள். அன்றுதான் வாயைப் பொத்தாமல் என்னோடு பேசினாள்.

"இந்தா, வீசு. நீதான் நல்லா வீசுவ."